மரத்தைத் தொடாத கோடு

ஏகாம்பரம் அண்ணன் என் கையிலிருந்த குச்சியை வாங்கி, நான் மண்ணில் வரைந்திருந்த நெளிகோட்டின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மேலே, கீழே, மேலே, கீழே. கோடு முடிந்த இடத்தில் குச்சியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப இது பாம்பாட்டம் நெளிஞ்சுதான் போவுதா?"

"அலைன்னா அப்படித்தாண்ணே" என்றேன்.

"அப்ப சரி. எம் மரத்தாண்ட வர்றப்ப மேல நெளிஞ்சு போவச் சொல்லு. தாண்டினப்புறம் கீழ வரட்டும். மரத்த இன்னாத்துக்கு வெட்டணும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நான் வரைந்ததை அப்படியே நம்பிக் கேட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன்.

தலைக்கு மேலே வாகை மரம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் நெளிகோட்டின் மேலும் இரண்டு சொட்டு விழுந்து, ஒரு வளைவு அழிந்துபோனது.

மழை வந்தால் போகிற இணைப்பு

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கணியம்பாடியில் குடியிருந்துகொண்டு, கம்பியில்லா இணைய இணைப்பு போட்டுத் தரும் ஒரு சின்ன கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். கம்பியும் இழுக்க முடியாது, மொபைல் சிக்னலும் எட்டாது என்கிற இடங்களுக்கு நாங்கள் போவோம். இந்த முனையில் ஒரு டிஷ், அந்த முனையில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

சவ்வாது மலைமேல் ஒரு ஊர். அங்கே ஒரு சின்ன சுகாதார நிலையம். கலைவாணி என்ற நர்ஸ்தான் அங்கே எல்லாம், ஒத்தாசைக்கு ஒரு ஆயாம்மா. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ஈசிஜி எடுத்து, எங்கள் இணைப்பு வழியாகக் கீழே இருக்கும் டாக்டருக்கு அனுப்புவாள். டாக்டர் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்து அங்கேயே வைத்திருக்கலாமா, உடனே வண்டியில் ஏற்ற வேண்டுமா என்று சொல்வார்.

கீழ்முனை டிஷ் படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் இருந்தது. எனக்கு முன் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் மாசி மாதத்தில் இடம் பார்த்து நிறுத்தியது. மாசியில் வாகை மரத்தில் ஒரு இலை இருக்காது. காய்ந்த நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலத்துக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்து மழை பிடித்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. மழை பெய்தால் இணைப்பு போய்விடும். நின்று கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும்.

ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. கோவிந்தன் என்று ஒருவர், வயது ஐம்பதுக்குள்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கலைவாணி ஈசிஜி எடுத்து அனுப்பினாள். பாதி போய் நின்றுவிட்டது. மறுபடி அனுப்பினாள், போகவில்லை. ஊரில் மொபைல் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஒரு பாறை. மழையில் அந்தப் பாறைமேல் ஏறி நின்று டாக்டரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அதுவும் கிடைக்கவில்லை. பிறகு அவளே முடிவு செய்து, கோவிந்தனை ஜீப்பில் ஏற்றி, தானும் கூட ஏறி உட்கார்ந்துவிட்டாள். மலைப்பாதை இறங்குகிற வரைக்கும் தான் செய்தது சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை.

கோவிந்தன் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கலைவாணி எனக்கு போன் செய்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, மழ பேஞ்சா உங்க லைன் போய்டுதுக்கா. மழையிலயும் ஜனங்க வருவாங்க இல்ல?" என்று மட்டும் சொன்னாள்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கண்ணாடி வெளிச்சம்

முதலில் எல்லோரும் நினைப்பது மாதிரி நானும் மழைதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் அலைவரிசைக்கு மழை பெரிய தடை இல்லை. இதைவிட நீளமான இணைப்புகள் இதைவிடப் பெரிய மழையில் ஒழுங்காக ஓடுகின்றன. அப்படியானால் இடையில் ஏதோ ஒன்று நனைகிறது.

மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வேறு ஒன்றும் இல்லை. வயல், கரும்பு, அப்புறம் ஒரு மேட்டில் வாகை மரம், அதற்குப் பின்னால் மலை. மரம் இரண்டு டிஷ்ஷையும் சேர்க்கிற நேர்கோட்டுக்குக் குறுக்கே இல்லை. தெற்கே தள்ளி இருந்தது. கோட்டுக்கும் கிளைக்கும் நடுவில் இரண்டு ஆள் கையை விரித்து நிற்கலாம்.

ஆனாலும் என் தொழில் சொன்னது, மரம்தான் காரணம் என்று.

முதலாளிக்கு போன் செய்தேன். "கெளைய வெட்டிட்டு வேலையப் பாரும்மா. இந்த வாரத்துக்குள்ள சரியாவலேன்னா வேற ஆள அனுப்பறேன்" என்றார். அவருக்கும் மேலிடத்தில் நெருக்கடி.

மரத்துக்காரர் ஏகாம்பரம் அண்ணனை மண்டபத்தின் மாடிக்கே கூட்டி வந்தேன். காலை வேளை, வெயில் கிழக்கே இருந்தது. மலைமேலிருந்து கலைவாணி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி எங்கள் பக்கம் திருப்பினாள். மலையின் பச்சையில் ஒரு புள்ளி பளீரென்று மின்னியது. இரண்டு முனைக்கும் இடையில் பார்வை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் செய்கிற வேலை இது.

ஏகாம்பரம் அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"வெளிச்சம் நல்லா வருதேம்மா. நீயே காட்டிக் குடுத்துட்ட. எம் மரம் எங்க மறைக்குது?"

"மறைக்கலண்ணே. ஆனா தொல்ல பண்ணுது."

"மறைக்காம எப்டி தொல்ல பண்ணும்? கரும்பு வெட்ற ஆளுங்க உக்காந்து சாப்புட அந்த நெழல் ஒண்ணுதான் கீது. சும்மா வெட்ட முடியுமா?"

மாடியிலிருந்து இறங்குவதற்குள் ஒரு மழை வந்து பெய்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் மரத்தடிக்குப் போய், குச்சியை எடுத்து, மண்ணில் அந்த நெளிகோட்டை வரைந்தேன். நான் சொன்னதற்கும் வரைந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு ஒன்றும் முடிவாகாமல் பஸ் ஏறினேன்.

ஒரு புழுவின் கதை

கண்ணமங்கலம் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குப் புதுத் தொல்லை இல்லை.

கல்லூரிக் கடைசி வருஷம், வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மெலிந்த மனிதர், காபியைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டே இருந்தார். ஒளி அலையா, துகளா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். எல்லோரும் சொல்கிற பதில்.

"சரி. துகள்னா அதுக்கு ஃபோட்டான்னு பேர். வரைஞ்சு காட்டுங்க" என்றார்.

கரும்பலகையில் வரைந்தேன். சின்னதாக ஆரம்பித்து, நடுவில் பெரிதாகி, திரும்பச் சின்னதாகிற ஒரு நெளிகோடு. கடைசியில் ஒரு அம்புக்குறி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். பார்க்க ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கும்.

"இதோட நீளம் எவ்வளவு?"

நான் அம்புக்குறியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வரைந்தேன்.

"அகலம்?"

அவர் சிரித்துவிட்டு, மதிப்பெண்ணைப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். பதிலைச் சொல்லாமலே போய்விட்டார். அந்தப் புழு அன்றிலிருந்து என் தலைக்குள் நெளிந்துகொண்டே இருந்தது. வேலைக்கு அது தேவைப்படவில்லை. டிஷ்ஷைத் திருப்புகிறவளுக்கு அலை போதும். ஃபோட்டான் என்ற சொல்லையே நான் பல வருஷம் சொன்னதில்லை.

வீட்டில் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் முரளி.

எண்ணுகிறவரும் அளக்கிறவரும்

முரளி என் கணவர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் டெக்னீசியன். நோயாளிக்கு ஒரு மருந்தை ஊசியில் போடுவார்கள். அது போய்ச் சேர வேண்டிய உறுப்பில் சேர்ந்து, அங்கிருந்து காமா கதிரை வெளியே விடும். கேமரா அதைப் பிடிக்கும். ஒவ்வொரு ஃபோட்டானாகப் பிடிக்கும் என்பதுதான் விஷயம். ஒன்று வந்து விழுந்தால் திரையில் ஒரு புள்ளி. முதலில் ஈ மொய்த்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகள் கூடி, ஒரு சிறுநீரகம் தெரிய ஆரம்பிக்கும்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இங்க விழுந்தா அங்க விழாது. அலைன்னா எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இல்ல விழணும்? நான் தெனம் எண்றேன் செல்வி. துகள்தான்" என்பார் அவர்.

"எங்க டிஷ்ல யாரும் ஒண்ணொண்ணா வந்து விழலைங்க. ஏறுது, எறங்குது, அவ்ளோதான். அலைதான்" என்பேன் நான்.

இரண்டு பேரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான். காமா கதிர், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், என் டிஷ்ஷிலிருந்து போகிற ரேடியோ எல்லாமே மின்காந்த அலைகள். அலைநீளம் மட்டும் வேறு. அலை தன் சக்தியைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் முழுசு முழுசாகத்தான் கொடுக்கும், வாங்கும். அந்த ஒரு முழுசுக்குப் பெயர்தான் ஃபோட்டான். அரை ஃபோட்டானை யாரும் பார்த்ததில்லை.

அலை எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ, அந்த முழுசு அவ்வளவு பெரிது. முரளியின் காமா ஃபோட்டான் ஒவ்வொன்றும் கூரைமேல் விழுகிற தேங்காய் மாதிரி, விழுந்தால் தெரியும். என்னுடையது மாவு. ஒரு நொடியில் கோடி கோடியாக வந்து என் டிஷ்ஷில் கொட்டுகிறது. மாவிலும் மணி உண்டு. கையில் அள்ளும்போது யாருக்குத் தெரிகிறது?

இந்த அளவுக்கு எங்களுக்குள் ஒரு சமாதானம் ஏற்பட்டிருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஏகாம்பரம் அண்ணன் கேட்டதைச் சொன்னேன். முரளி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அவர் கேட்டது இருக்கட்டும், நான் ஒண்ணு கேக்கறேன். உன் டிஷ்லேர்ந்து ஒரே ஒரு ஃபோட்டான் கெளம்புதுன்னு வெச்சுக்கோ. நேரா போனா மரம் அதும்மேல படவே படாது. அப்ப பக்கத்துல மரம் கீதுன்னு அதுக்கு எப்டி தெரியும்?"

ஏகாம்பரம் அண்ணனின் கேள்விதான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு முடி

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஹாலில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூட வாசலில் விற்கிற சிவப்பு லேசர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை ஒரு டப்பாமேல் வைத்து, எதிர்ச் சுவரில் படும்படி செய்தோம். சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு.

"ஒரு முடி குடு" என்றார் முரளி.

கொடுப்பதற்குள் அவரே என் பின்னலிலிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டார். அதை ஒரு கையின் இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பிடித்து, லேசருக்கு முன்னால் குறுக்கே காட்டினார்.

முடியின் நிழல் சுவரில் ஒரு கறுப்புக் கோடாக விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி விழவில்லை. பொட்டு பக்கவாட்டில் நீண்டது. பொட்டு, இருட்டு, பொட்டு, இருட்டு என்று இரண்டு பக்கமும் ஒரு வரிசை. முடி இல்லாதபோது இருட்டாக இருந்த இடத்தில் இப்போது வெளிச்சம். நான் இதைக் கல்லூரியில் செய்திருக்கிறேன். செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் இருக்கிறேன்.

"வெளிச்சம் முடிக்கு ரெண்டு பக்கமாவும் வந்து, சுவத்துல ஒண்ணு சேருது. மேடும் மேடும் சேந்த எடத்துல வெளிச்சம். மேடும் பள்ளமும் சேந்த எடத்துல இருட்டு" என்றேன்.

"இது அலைக்குச் சரி. வெளிச்சத்தக் கொறச்சு, ஒரு நேரத்துல ஒரே ஃபோட்டான்தான் போவுதுன்னு பண்ணா?"

"அதையும் பண்ணிப் பாத்திருக்காங்க. ஒண்ணொண்ணும் ஏதோ ஒரு எடத்துல ஒரே புள்ளியாத்தான் விழும். ஆனா நெறைய விழுந்தப்புறம் பாத்தா, இதே வரிதான்."

முரளி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க சிறுநீரகம் மாதிரி" என்றார்.

"ஆமா. ஒரு புள்ளிக்கும் மொத்தப் படம் தெரியாது."

"ஆனா படத்துல இல்லாத எடத்துல ஒரு புள்ளியும் விழாது."

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் பல வருஷச் சண்டை முடிந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே விழலாம், எங்கே விழக்கூடாது என்பதை அலை சொல்கிறது. விழுவது மட்டும் முழுசாக, ஒரே இடத்தில். அவர் எண்ணுவதும் நான் அளப்பதும் அந்த ஒன்றைத்தான்.

அப்படியானால் ஃபோட்டானின் உருவம் என்ன? தேர்வாளர் ஏன் பதில் சொல்லாமல் போனார் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. அதற்கென்று சொந்தமாக ஒரு உருவம் இல்லை. அது இருக்கிற அலைக்கு என்ன உருவமோ அதுதான். அந்த அலைக்கு உருவம் கொடுப்பது அது கிளம்புகிற டிஷ், வழியில் இருக்கிற முடி, மரம், மலை எல்லாமும் சேர்ந்து. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு உருவம்.

என் இணைப்பின் உருவம் எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பெயர் உண்டு. நான் வெள்ளரிக்காய் என்றுதான் சொல்வேன். இரண்டு டிஷ்ஷின் பக்கமும் ஒடுங்கி, நடுவில் பருத்து இருக்கும். என் அலையின் நீளம் மூன்று விரல் அகலம். அந்த அலைக்கு, அவ்வளவு தூரத்தில், வெள்ளரிக்காயின் நடுப்பகுதி ஆறேழு மாடிக் கட்டடம் அளவுக்குப் பருமன். மரம் நிற்கிற இடத்தில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கிளையை எட்டும்; அதற்குள் எது இருந்தாலும் அலைக்குப் படும். கண்ணாடி வெளிச்சத்தின் அலை மிக மிகச் சின்னது. அதற்கு அதே தூரத்தில் வெள்ளரிக்காய் ஒரு கை தடிமன்தான். அதனால்தான் வெளிச்சம் மரத்தை உரசாமல் வந்தது, ரேடியோ வரவில்லை. இலை இல்லாத மரம் பெரிய தொல்லை இல்லை. நனைந்த இலை என்பது தண்ணீர்ச் சுவர்.

"சரி, மரத்த வெட்டித்தான் ஆவணும் போல" என்றேன்.

முரளிக்குக் கை வலித்திருக்க வேண்டும். முடியைக் கீழே போடாமல், இன்னொரு கையால் லேசர் டப்பாவை ஒரு நூல் நகர்த்தினார். வரிசை மறைந்து, சுவரில் பழையபடி ஒரே பொட்டு.

"முடிய இன்னாத்துக்கு வெட்டணும்? டப்பாவ நகத்துனா ஆச்சு" என்றார், சாதாரணமாக.

நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். லேப்டாப்பில் வரைபடத்தை எடுத்தேன். மரம் மண்டபத்துக்குக் கிட்டத்தில், மலை தூரத்தில். அதனால் மண்டபத்து டிஷ்ஷை எவ்வளவு நகர்த்துகிறோமோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மரத்தின் பக்கத்தில் கோடும் நகரும். மாடியின் தெற்கு மூலையில், மாடிப்படி அறையை ஒட்டி டிஷ் இருந்தது. கரண்ட் அங்கே இருந்ததால் அங்கே வைத்திருக்கிறார்கள். வடக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டி ஒரு கம்பம் நிற்க இடம் இருந்தால் போதும்.

மறுபடி மரத்தடி

முதலாளியிடம் சொன்னபோது, "கேபிள் நீளமா வேணுமே" என்று மட்டும் முனகினார். மண்டபத்துக்காரர் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்றார். கை வைக்கவில்லை. இரண்டு நாள் வேலை. கம்பத்தை நிறுத்தி, டிஷ்ஷை மாற்றி, மலைமேல் போய் அங்கிருக்கும் டிஷ்ஷையும் ஒரு நூல் திருப்பிவிட்டு இறங்கினேன்.

இறங்குகிற வழியில் ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்து மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மரத்தடியில் மோட்டாருக்கு ஏதோ செய்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் வரைஞ்சது தப்பு இல்ல. ஆனா நான் சொன்னது தப்பு. அது போற வழி இல்ல."

"பின்ன இன்னா அது?"

"உங்களுக்கு எப்பவாச்சும் ஈசிஜி எடுத்திருக்காங்களா?"

"எடுத்தாங்க. போன வருசம், வேலூர்ல. மாருல எல்லாம் ஒட்ட வெச்சு."

"அதுல கோடு மேல போயிக் கீழ வந்துச்சு இல்ல? அதுக்காக உங்க இதயம் நெஞ்சுக்குள்ள மேலயும் கீழயும் ஏறி எறங்குச்சா?"

அவர் யோசித்தார். "இல்ல. அடிக்கிறதத்தான் அப்டிக் காட்டுது."

"அதேதாண்ணே. அந்தந்த எடத்துல எவ்ளோ வலுவா இருக்குன்னு காட்டுற கோடு அது. வலு ஏறும், எறங்கும். அது நெளியாது."

"அப்ப அது எந்த வழியாத்தான் போவுது?"

"நேரா இருக்கிற வழியாவும் போவுது. உங்க மரத்தாண்டயும் போவுது. எல்லா வழியும் சேந்துதான் அங்க போய்ச் சேருது."

"ஒரே பொருளு எப்டிம்மா எல்லா வழியாவும் போவும்?"

இந்தக் கேள்விக்கு நான் எங்கேயோ படித்த வார்த்தைகளை எடுத்து விட்டிருக்கலாம். மனம் வரவில்லை.

"அது எனக்குத் தெர்லண்ணே. அப்படித்தான் நடக்குதுன்னு அளந்து பாத்திருக்காங்க. எப்படின்னு கேட்டா, என்னால படம் போட்டுக் காட்ட முடியல."

அவர் தலையை ஆட்டினார். அதிருப்தி இல்லை. மழை எப்போது வரும் என்று கேட்டு, தெரியாது என்று பதில் கிடைத்த மாதிரி ஒரு தலையாட்டல்.

"மரம் இருக்கட்டும். டிஷ்ஷ நகத்திட்டோம்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்த?"

"நீங்க கேட்டீங்களே."

முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு, "ஆனா மழ பேஞ்சாதான் தெரியும்" என்றார். அது எனக்கும் தெரியும்.

மழை

மழை உடனே வரவில்லை. வராதபோதுதான் அதை எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்தது. காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய் மலைப்பக்கம் பார்ப்பேன். முதலாளி தினமும் ஒரு போன். முரளி ஒரு நாள் லீவு போட்டு என்னோடு வந்தார். அன்றைக்குத்தான் மலைமேல் கறுத்தது.

மண்டபத்து மாடிப்படி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் சிக்னலின் வலுவைக் காட்டுகிற ஒரு எண். முன்பெல்லாம் மழை தொடங்கிய சில நிமிஷங்களில் அது படிப்படியாக இறங்கும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும்.

முதலில் மலை மறைந்தது. பிறகு மேடு மறைந்தது. பிறகு எதிரே வெறும் வெள்ளை. காற்று மழையை அறைக்குள்ளே அடித்தது. முரளி தன் பையால் லேப்டாப்பை மறைத்துக்கொண்டு நின்றார். படியில் காலடிச் சத்தம். சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"லைன் கீதா, போய்டுச்சா?" என்று கேட்டார்.

"கீதுண்ணே."

எண் கொஞ்சம் ஆடியது. இறங்கியது. நின்றது. அங்கேயே நின்றது.

கலைவாணி இணைப்பு வழியாகக் கூப்பிட்டாள். அங்கேயும் கொட்டுகிறது என்றாள். ஓடு சடசடக்கிற சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

"பேஷன்ட் யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லக்கா. ஆனா அனுப்பிப் பாக்கணும். சும்மா நம்பர் மட்டும் பாத்து நான் நம்ப மாட்டேன். இருங்க."

அந்தப் பக்கம் கட்டில் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு எங்கள் திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. சின்ன மேடு, கூர்மையான ஒரு குத்து, அடுத்து ஒரு மேடு. திரும்பவும். விட்டுப்போகாமல், அறுபடாமல், மழைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. முரளி பையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"யாரோடது கலைவாணி?" என்றேன்.

"என்னோடதுதாங்க்கா. ஆயாம்மாவ ஒட்ட வைக்கச் சொல்லிட்டுப் படுத்துக்கினேன். வருதா?"

"வருது. முழுசா வருது."

முரளி மெதுவாக, "ரொம்ப வேகமா அடிக்குதே" என்றார். அது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்து அப்படித்தான் சார். கோவிந்தண்ணன ஜீப்ல ஏத்துன அன்னைக்கும் இப்படித்தான் பேஞ்சுது. அதுக்கப்புறம் மேகம் கறுத்தாலே எனக்கு இப்படித்தான்."

அவள் இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"இப்ப கெடைக்குது கலைவாணி. நீ பேசறது கேக்குது, உன் ஈசிஜி தெரியுது. டாக்டர் இருந்தா அவருக்கும் தெரியும்" என்றேன்.

"ம்" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஒயரைக் கழற்றவும் இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் சாக்கை உதறாமல் கையில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை குறையவில்லை. குத்துக்கும் குத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. இன்னும் கொஞ்சம் அகலமானது. மலையும் மரமும் தெரியாத அந்த வெள்ளையைத் தாண்டி, ஒரு பெண்ணின் பயம் இறங்குவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.